ஒரு தட்டு பிரிஸ்கெட் பந்தயம்

2019 பிப்ரவரியில் நான் ஒரு பந்தயத்தில் தோற்றேன். ஒரு தட்டு பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி), தொட்டுக்கொள்ள பீன்ஸ், ஒரு ஐஸ் டீ. தொகை பெரிதில்லை. தோற்ற விதம்தான் இன்னும் உறுத்துகிறது. வாய்க்கு வந்ததைச் சொல்லி நான் பந்தயம் கட்டவில்லை. எக்செல் ஷீட் போட்டுக் கட்டினேன்.

கைலர் மரே என்ற இருபத்தோரு வயதுப் பையனைப் பற்றிய பந்தயம் அது. அவன் கையில் இரண்டு விளையாட்டுகள் இருந்தன. பேஸ்பாலில் ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் அணி ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுப் பணமும் கொடுத்திருந்தது. ஃபுட்பாலில் கல்லூரி ஆட்டக்காரனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பை டிசம்பரில் வந்து சேர்ந்திருந்தது. எதை எடுப்பான்? நான் பேஸ்பால் என்றேன். அலுவலகத்தில் எங்கள் டீமில் இருந்த டெக்சாஸ்காரர் சிரித்தார்.

(இங்கே ஃபுட்பால் என்று நான் எழுதுவதெல்லாம் அமெரிக்க ஃபுட்பால். இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது, எறிவது, மோதுவது. காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான்.)

அந்த டெக்சாஸ்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். விரலில் அந்தக் கல்லூரி மோதிரம், வண்டியின் பின்னால் அந்தக் கல்லூரி ஸ்டிக்கர். கைலர் 2015-ல் அதே கல்லூரியில் சேர்ந்து ஒரே சீசனில் கிளம்பி ஒக்லஹோமாவுக்குப் போய்விட்டவன். ஓடிப்போன மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும் மாமனார் மாதிரிதான் அவனைப் பற்றிப் பேசுவார். திட்டும் இருக்கும், கூடவே எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்ற விவரமும் இருக்கும்.

கைலரை நான் முதலில் பார்த்ததே இவரால்தான். 2013-ன் இலையுதிர் காலம். நான் டல்லாஸ் பக்கத்துப் பிளேனோவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் “வா, டெக்சாஸைக் காட்டுகிறேன்” என்று பக்கத்து ஊரான ஆலனுக்குக் கூட்டிப்போனார். பள்ளிக்கூட மேட்ச் என்றதும், நம் ஊர் ஸ்கூல் கிரவுண்டு, நாலு பெஞ்சு, சுண்ணாம்புக் கோடு என்று ஏதோ மனதில் வைத்துப் போனேன். போய் நின்ற இடம் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம். 2012-ல் திறந்தது, செலவு 6 கோடி டாலர். கட்டியது ஆலன் பள்ளி வாரியம், வரி கட்டும் ஊர்க்காரர்களின் ஓட்டு வாங்கி. மாணவர்களின் பேண்ட் வரிசை மைதானத்துக்குள் வந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, நாச்சோஸ் தின்றுகொண்டே நடுவரின் பார்வைக் குறைபாட்டைப் பற்றி உரக்கக் கவலைப்பட்டாள்.

ஆட்டம் எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான். ஆலன் அணியில் பந்தை வாங்கி எறியும் பையன், அதாவது குவார்ட்டர்பேக், தன்னைச் சுற்றி நின்ற எல்லோரையும்விடக் குள்ளம். எதிர் அணியின் தடியன்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் வளைத்துவிட்டார்கள். பையன் முன்னால் ஓடவில்லை. பின்னால் ஓடினான். பின்னாலேயே பதினைந்து கஜம் ஓடி, ஒரு அரைவட்டம் அடித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்பைத் திருப்பாமல் மணிக்கட்டை மட்டும் சொடுக்கி எறிந்தான். தெருவில் டிரைவர் கண்ணில் படாமல் ஆட்டோவுக்குள் தாவும் பையன் மாதிரி அவசரமே இல்லாத அவசரம். “அந்தக் கை பேஸ்பால் கை” என்றார் நண்பர். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

பள்ளியில் அவன் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கிய 42 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. கடைசி வருடம் அந்த ஆறு கோடி ஸ்டேடியத்தில் அவன் ஆடவும் இல்லை. கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014-ல் மூடிவிட்டார்கள்! ஊர் ஊராகப் போய் ஆடித்தான் மூன்றாவது மாநிலக் கோப்பையை வாங்கினார்கள். நம் ஊர் மேம்பாலச் செய்திகளைப் படித்து வளர்ந்தவனுக்கு அதில் ஒரு அற்ப ஆறுதல்.

பேஸ்பால் பக்கத்துக் கதைக்கு வருகிறேன்.

ஒக்லஹோமாவில் 2017-ல் கைலர் பேஸ்பாலும் ஆடினான். சராசரி .122. கிரிக்கெட் பாஷையில் சொன்னால் தொடர்ந்து ஒற்றை இலக்கம். அடுத்த வருடம் .296, பத்து ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), பத்து முறை பேஸ் திருட்டு (எறிபவன் அசரும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). சென்டர் ஃபீல்டில் அவன் ஓடும் வேகத்தைப் பார்த்தவர்கள், இவன் முழு நேரமும் இதை மட்டும் ஆடினால் என்ன ஆவான் என்று யோசித்தார்கள். 2018 ஜூன் டிராஃப்ட்டில் ஓக்லாண்ட் அவனை 9-வது ஆளாக எடுத்தது. டிராஃப்ட்டை ஐபிஎல் ஏலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே அணிகள் வரிசையாக நின்று பையன்களைப் பிரித்துக்கொள்கின்றன. எந்த அணி என்பதில் பையனுக்குப் பேச்சில்லை. கைலருக்கு 46.6 லட்சம் டாலர் போனஸ் பேசி, இன்னும் ஒரே ஒரு சீசன் கல்லூரி ஃபுட்பால் ஆடிக்கொள்ளவும் அனுமதித்தார்கள். காலேஜ் முடிந்ததும் வந்துவிடுவான், ஆசைக்கு ஆடட்டும் என்பது கணக்கு. அன்றைக்கு அது முட்டாள்தனமில்லை. முந்தைய வருடம் அவன் பேக்கர் மேஃபீல்டு என்ற குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தவன். உயரம் ஐந்தடி பத்து அங்குலம். ஆறடி இரண்டு, மூன்று அங்குலக்காரர்கள் நிற்கிற இடத்தில் இவனை என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால் லீக்) சீண்டாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் பேஸ்பாலில் போனஸ் வாங்கியவன் அடுத்த நாள் பெரிய மைதானத்தில் இறங்க முடியாது. மைனர் லீக் என்று படிப்படியாக ஒரு ஏணி இருக்கிறது. சின்ன ஊர், அடுத்த சின்ன ஊர், கொஞ்சம் பெரிய ஊர். நடுவில் நீண்ட பஸ் பயணங்கள். ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஓடுகிறவன் ஓடுவான், அடிக்கிறவன் அடிப்பான், இதில் என்ன ஐந்து வருடப் பயிற்சி?

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை பேட்டிங் கேஜுக்குப் போனேன். டோக்கன் போட்டால் இயந்திரம் பந்து எறியும். 40, 50, 60, 70 மைல் என்று கூண்டுகள். கல்லூரியில் ஒன் டவுன் இறங்கியவன் என்ற திமிரில் 70-க்குள் நுழைந்தேன். முதல் பந்து வந்ததைப் பார்க்கவில்லை, போனதைக் கேட்டேன். பின்னால் ரப்பர் திரையில் ‘தப்’ என்று ஒரு சத்தம். இரண்டாவதற்குக் காலை முன்னால் போட்டு நேராக மட்டையை இறக்கினேன், நம் பழக்கம். பந்து குத்தி வராதே! தரையைத் தொடாமல் இடுப்புயரத்தில் வருகிற உருண்டைப் பந்தை உருண்டைக் கட்டையால் தொட வேண்டும். பதினைந்து பந்தில் ஒன்று கட்டையின் மேல் விளிம்பில் உரசி வலைக்குப் போனது. அடுத்த கூண்டில் ஒரு பத்து வயதுச் சிறுமி, பல்லில் கம்பி போட்டவள், ‘டிங் டிங்’ என்று ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

அது 70 மைல், நேராக வருகிற பந்து. பெரிய லீகில் 95 மைல் சாதாரணம். அறுபதரை அடி தூரத்தை அது கடக்க 0.4 நொடி. அதில் பாதி, வருவது எந்தப் பந்து என்று கண்ணும் மூளையும் பேசி முடிப்பதற்கே போய்விடும். நேர்ப்பந்து போலவே கிளம்பி கடைசி சில அடிகளில் நழுவுகிற ஸ்லைடரை அடையாளம் காண எந்தப் புத்தகமும் உதவாது. ஆயிரக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும். கைலர் கல்லூரியில் பார்த்ததோ கொஞ்சம். ஓடும் வேகம் பிறவியில் வருவது. இது வயதைக் கொடுத்து வாங்குவது.

இதை எனக்குச் சொல்லித்தர பேட்டிங் கேஜ் வேண்டியிருந்தது. கைலருக்கு வீட்டிலேயே ஆள் இருந்தார்கள்.

சித்தப்பா கால்வின் மரே. 1992-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி முதல் சுற்றில், ஏழாவது ஆளாக எடுத்த அவுட்ஃபீல்டர். பெரிய லீகில் முதல் ஆட்டம் ஆடியது 1999-ல். ஏழு வருடம். அதன் பிறகும் பெரிதாக எழவில்லை. பேஸ்பால் தெரியாதவர்கள்கூட யூடியூபில் பார்த்திருக்கக்கூடிய ஒரு காட்சியில் அவர் இருக்கிறார். 2001-ல் ராண்டி ஜான்சன் எறிந்த பந்தின் குறுக்கே ஒரு புறா பறந்து வந்து இறகு மட்டும் மிஞ்சியதே, அன்று மட்டையோடு நின்றவர் கால்வின் மரேதான். ஏழு வருடம் ஏணி ஏறியவரை உலகம் நினைவு வைத்திருப்பது அந்தப் பறவைக்காக.

அப்பா கெவின் மரே அதற்கு நேர் எதிர்த் திசை. பதினெட்டு வயதில் மில்வாக்கி புரூவர்ஸ் அணியோடு பேஸ்பால் ஒப்பந்தம் போட்டவர், அதை உதறிவிட்டு டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்கு ஃபுட்பால் ஆடப் போனார். அங்கே பெரிய குவார்ட்டர்பேக் ஆனார். ஆனால் என்எஃப்எல் டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. பிறகு டல்லாஸ் பக்கம் பையன்களுக்கு குவார்ட்டர்பேக் பயிற்சி கொடுப்பதே தொழிலானது. என் டெக்சாஸ் நண்பருக்கு அவர் கல்லூரிக் கால நாயகன். மகன் மேலிருந்த கோபத்தின் கன அளவு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒரே வீட்டில் காத்திருந்து பார்த்த ஒருவர், காத்திருக்க மாட்டேன் என்று கிளம்பிய இன்னொருவர். இரண்டுமே முழுதாகப் பலிக்கவில்லை. என் எக்செல் ஷீட்டில் இவர்கள் இருவருக்கும் கட்டம் இல்லை.

2018 இலையுதிர் காலம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. எறிந்தே 4,361 கஜம், ஓடி 1,001 கஜம். எறிந்த டச் டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) 42, எதிரி கையில் கொடுத்த பந்து ஏழே ஏழு. டெக்சாஸ் டெக் அணியின் பயிற்சியாளராக இருந்த கிளிஃப் கிங்ஸ்பரி, இவனோடு மோதுவதற்கு முன்பு, என்னால் முடிந்தால் டிராஃப்ட்டில் முதல் ஆளாக இவனைத்தான் எடுப்பேன் என்றார். பயிற்சியாளர்கள் எதிரணியைப் புகழ்வது சம்பிரதாயம், யாரும் கண்டுகொள்ளவில்லை. நவம்பரில் கிங்ஸ்பரியை வேலையை விட்டுத் தூக்கினார்கள். ஜனவரியில் அரிசோனா கார்டினல்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. அந்த வருட டிராஃப்ட்டில் முதல் தேர்வு யாருடையது? கார்டினல்ஸுடையது. கதையாக எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த ஜனவரியில்தான் அலுவலகத்தில் பந்தயம். மதிய சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து ஷீட்டைக் காட்டினேன். இரண்டு டேப். பேஸ்பால் டேபில்: போனஸ் கையில் இருக்கிறது. 2021-ல் மேலே வந்தால் முதல் மூன்று வருடம் குறைந்தபட்சச் சம்பளம், அதுவே வருடத்துக்கு ஐந்தரை லட்சம் டாலர். அடுத்த மூன்று வருடம் நடுவர் வைத்துப் பேரம். ஆறு முடிந்ததும் சுதந்திரப் பறவை, எந்த அணிக்கும் போகலாம். சம்பள உச்சவரம்பு கிடையாது. போட்ட ஒப்பந்தத்தில் ஒவ்வொரு டாலரும் உத்தரவாதம், காலுடைந்து வீட்டில் படுத்திருந்தாலும் வரும். ஃபுட்பால் டேபில்: உச்சவரம்பு உண்டு, ஒப்பந்தத்தில் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது, உடம்பு எப்போது போகும் என்று தெரியாது. முப்பத்தைந்து வயதில் மொத்தக் கூட்டுத்தொகை போட்டேன். பேஸ்பால் ஜெயித்தது, எளிதாக.

நண்பர் ஷீட்டைப் பார்த்தார். “முப்பத்தைந்து வயது என்று போட்டிருக்கிறாயே, அவனுக்கு இப்போது எத்தனை?” என்று மட்டும் கேட்டார்.

ஊரில் அப்பாவிடம் ஃபோனில் இதைச் சொன்னேன். வங்கியில் முப்பத்தாறு வருடம் ஒரே கவுண்டருக்குப் பின்னால் இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாம் கேட்டுவிட்டு, “சரிடா, ரெண்டுல எது பெர்மனென்ட்டு?” என்றார். பேஸ்பால்தாம்ப்பா என்றேன். “அப்பறம் என்ன யோசன?” என்றார். என் ஷீட்டின் சாரம் அதுதான். நான் அதை இருபத்திரண்டு வரிசையில் எழுதியிருந்தேன், அவ்வளவு வித்தியாசம்.

மனைவி கேட்ட கேள்விதான் வேறு. “அவங்கம்மா என்ன சொல்றாங்களாம்? தலைல அடிபடற வெளயாட்டு வேணாம்னு சொல்ல மாட்டாங்களா?” 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இறந்துபோன என்எஃப்எல் ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளைகளைப் பரிசோதித்தார்கள். 110-ல் சி.டி.இ. என்ற சிதைவு இருந்தது. திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருவது, வருடங்கள் கழித்து மறதியாக, கோபமாக, மனச்சோர்வாகத் தலைகாட்டுவது. ஏற்கெனவே சந்தேகப்பட்ட குடும்பங்கள் கொடுத்த மூளைகள் அவை, ஆகவே ஆடிய எல்லோருக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 110. இதை எந்த செல்லில் என்ன எண்ணாகப் போடுவது? நான் போடவில்லை. போட்டிருந்தால் பேஸ்பால் இன்னும் பெரிதாக ஜெயித்திருக்கும், அவ்வளவுதான். முடிவு மாறியிருக்காது என்பது இப்போது தெரிகிறது.

அலுவலகத்தில் சிலர், இரண்டையும் ஆடட்டுமே, போ ஜாக்சன் ஆடவில்லையா என்றார்கள். இந்தப் பெயரைச் சொன்னாலே இங்கே ஐம்பது வயது ஆண்கள் முகம் மலரும். 1986-ல் என்எஃப்எல் டிராஃப்ட்டின் முதல் ஆள் அவர். எடுத்தது டாம்பா பே. அதற்கு முன் அந்த அணி தன் விமானத்தில் அவரைக் கூப்பிட்டுப் போய் உபசரித்ததில், கல்லூரி விதிப்படி அவருடைய கடைசி பேஸ்பால் சீசன் பறிபோனது. விதி மீறல் ஆகாது என்று அவர்கள் சொன்னதை நம்பிப் போனதாகச் சொன்னார் போ. ஆடமாட்டேன் என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட்டு, பல மடங்கு குறைந்த பணத்துக்குக் கன்சாஸ் சிட்டியில் பேஸ்பால் ஆடப் போனார். மறு வருடம் ரெய்டர்ஸ் அணி ஏழாவது சுற்றில் சும்மா எடுத்து வைக்க, பேஸ்பால் முடிந்த பிறகு வந்து ஆடுகிறேன், இது எனக்குப் பொழுதுபோக்கு என்றார். அந்தப் பொழுதுபோக்கில் ஒரு திங்கள் இரவு சியாட்டிலில் 221 கஜம் ஓடினார். 1989 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன். 1991 ஜனவரியில் ஃபுட்பால் ஆட்டமொன்றில் பின்னாலிருந்து ஒருவன் காலைப் பிடித்து இழுக்க, இடுப்பு மூட்டு போனது. வயது 28. ஃபுட்பால் அன்றோடு முடிந்தது. செயற்கை இடுப்போடு 1993-ல் பேஸ்பாலுக்குத் திரும்பி, முதல் வாய்ப்பிலேயே மறுபடி ஹோம் ரன் அடித்தார். கதைகளுக்குக் குறையில்லாத மனிதர். ஆனால் அவர் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர். அக்டோபரில் வந்து சேர்ந்தும் ஓடலாம். குவார்ட்டர்பேக் அப்படியில்லை. அணியின் முழு ஆட்டமும் அவன் மண்டைக்குள் இருக்க வேண்டும், அதற்குக் கோடை முழுக்க வேண்டும். கோடை முழுக்க பேஸ்பாலுக்கும் வேண்டும். 162 ஆட்டம். ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம், மாப்பிள்ளை ஒருவன்.

ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. அத்லெட்டிக்ஸ் நிர்வாகிகள் டல்லாஸ் பக்கம் வந்து கைலரைச் சந்தித்தார்கள். பேஸ்பால் தலைமையகத்தின் மார்க்கெட்டிங் ஆட்களும் வந்ததாகச் செய்தி. பெண் பார்த்து நிச்சயம் முடித்தவர்கள் மறுபடி சீர் பேச வருவது மாதிரி. மறுநாள் போகி. எங்கள் வீட்டில் மனைவி கராஜைக் காலிசெய்து பழைய அட்டைப் பெட்டிகளை ரீசைக்கிள் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என்எஃப்எல் டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டான் என்று நண்பரிடமிருந்து செய்தி வந்தது. பெயர் கொடுப்பது பேரத்துக்காகத்தான் என்று பதில் அனுப்பினேன். ஜான் எல்வே 1983-ல் செய்யவில்லையா? பிடிக்காத ஃபுட்பால் அணி எடுத்ததும், யாங்கீஸ் பேஸ்பால் அணிக்குப் போய்விடுவேன் என்று மிரட்டி டென்வருக்கு மாற்றிக்கொண்டவர் அவர்.

எல்வே பெயர் வந்ததும் இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். ஓக்லாண்டின் அப்போதைய பேஸ்பால் தலைவர் பில்லி பீன். 1980-ல், எல்வேக்குப் பிறகு ஸ்டான்ஃபோர்டின் குவார்ட்டர்பேக் என்று அந்தக் கல்லூரி கண் வைத்திருந்த பையன் அவர். நியூயார்க் மெட்ஸ் முதல் சுற்றில் எடுத்து 1,25,000 டாலர் நீட்ட, கல்லூரியையும் ஃபுட்பாலையும் விட்டுவிட்டு பேஸ்பாலுக்குப் போனார். பெரிய லீகில் மொத்தம் 148 ஆட்டம், சராசரி .219. பணத்துக்காக எடுத்த முடிவு அது, இனி அப்படி ஒன்று எடுப்பதில்லை என்று பின்னாளில் சொன்ன மனிதர். முப்பத்தெட்டு வருடம் கழித்து, அதே முச்சந்தியில் நின்ற வேறொரு பையனிடம் பணத்தை நீட்டுகிற பக்கத்தில் அவர் இருந்தார். அவருக்கு அது உறைத்திருக்காதா? உறைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த அணி கைலரைப் பற்றிக் கடைசிவரை ஒரு கடுஞ்சொல்கூடச் சொன்னதாக நான் படித்ததில்லை.

பிப்ரவரி 11. ட்விட்டரில் நாலு வரி. இனி முழு மூச்சாக ஃபுட்பால்தான் என்று எழுதியிருந்தான். வாங்கிய 15 லட்சம் டாலரில் 12.9 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தான். மார்ச் 1-ம் தேதி கைக்கு வரவேண்டிய 31.6 லட்சத்தை வேண்டாம் என்றான். பதினெட்டே நாள்! என்னால் தாங்க முடியாதது அதுதான். மார்ச் 1 வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று நண்பரிடம் கேட்டேன். “அந்தப் பதினெட்டு நாள் அவன் எங்கே இருந்திருக்க வேண்டும், யோசி” என்றார். பேஸ்பால் பயிற்சி முகாமில். என்எஃப்எல் அணிகள் உயரத்தையும் உள்ளங்கையையும் அளக்கிற அதே நாட்களில். அப்போதும் புரியாத மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். பிரிஸ்கெட் தட்டு வந்தது. அவர் தின்றார். மாடு தின்னாத நான் வான்கோழி வாங்கிக்கொண்டு இரண்டுக்கும் காசு கொடுத்தேன்.

அதே மாதமே மன்னி மச்சாடோ 30 கோடி டாலருக்கும், பிரைஸ் ஹார்ப்பர் 33 கோடிக்கும் பேஸ்பால் ஒப்பந்தம் போட்டார்கள். மார்ச்சில் மைக் ட்ரௌட், 42 கோடிக்கு மேல். ஒவ்வொன்றையும் நண்பருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஏப்ரல் 25-ல் கார்டினல்ஸ் கைலரை முதல் ஆளாக எடுத்தது. முந்தைய வருடம்தான் முதல் சுற்றில் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தார்கள், அவனைத் தள்ளிவிட்டு. பேஸ்பால், ஃபுட்பால் இரண்டு டிராஃப்ட்டிலும் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட முதல் ஆள் கைலர். நாலு வருடம், மூன்றரைக் கோடி டாலர், முழு உத்தரவாதம். அதில் 2.36 கோடி கையெழுத்துக்கே. என் ஷீட்டில் அந்தத் தொகை அளவுக்குப் பேஸ்பால் காசு அவனுக்கு முப்பதை நெருங்கும்போதுதான் வந்திருந்தது.

பிறகு 2020 வந்தது. கோவிட். மைனர் லீக் சீசன் முழுவதும் ரத்து, ஒரு ஆட்டம்கூட இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்த மைனர் லீக் பையன்களுக்கு அணிகள் வாரம் 400 டாலர் கொடுத்துவந்தன. மே மாதத்தோடு அதை நிறுத்துவதாக ஓர் அணி அறிவித்தது, பிறகு ஊர் திட்டியதும் தொடர்ந்து கொடுக்க ஒப்புக்கொண்டது. எந்த அணி? ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ்தான். என் ஷீட்டில் ‘2020: டபிள் ஏ’ என்று, மைனர் லீக் ஏணியில் ஒரு படி, பச்சை நிறம் போட்டு வைத்திருந்தேன். கைலர் அந்த வருடம் என்எஃப்எல்லில் இரண்டாவது சீசன் ஆடி முடித்தான்.

2022 ஜூலையில் புது ஒப்பந்தம், ஐந்து வருடத்துக்கு 23 கோடி டாலர். அதில் வாரம் நாலு மணி நேரம் தானாக உட்கார்ந்து ஆட்டப் பாடம் படிக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது வெளியே கசிந்து, நாடே சிரித்தது. 23 கோடி கொடுத்து வீட்டுப்பாடமும் கொடுத்தார்கள்! சில நாட்களில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அதே டிசம்பரில் ஒரு திங்கள் இரவு, ஆட்டம் தொடங்கி அவன் அணியின் மூன்றாவது நகர்விலேயே, யாரும் தொடாமல், ஓடிக்கொண்டிருந்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தசைநார் அறுந்துவிட்டது. திரும்பி வர அடுத்த நவம்பர் ஆனது. அன்று இரவு நான் அந்தப் பழைய ஷீட்டைத் திறந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஃபுட்பால் டேபில் ‘காயம்’ என்ற வரிசைக்கு நான் போட்டிருந்த வயது 25. அவனுக்கு 25. அந்த ஒரு செல்தான் சரியாக இருந்தது. மூடிவிட்டேன்.

நண்பர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். எப்போதாவது செய்தி அனுப்புவார், பெரும்பாலும் அவருடைய கல்லூரி அணியைப் பற்றிய புலம்பல். அவருக்கு நான் கடைசியாக அனுப்பிய சமாதானம் இது: கைலர் போனபோது ஓக்லாண்ட் அவனை விடுவிக்கவில்லை. தடை செய்யப்பட்டோர் பட்டியல் என்று ஒன்றில் பெயரைப் போட்டு உரிமையைக் கையில் வைத்துக்கொண்டது. மனம் மாறி மட்டையைத் தூக்கினால் அந்த அணிக்குத்தான் போக வேண்டும். ஆனால் அந்த அணி இப்போது ஓக்லாண்டில் இல்லை. 2024 செப்டம்பரில் அங்கே கடைசி ஆட்டம் ஆடிவிட்டுக் கிளம்பிவிட்டது. லாஸ் வேகஸில் புது மைதானம் கட்டி முடியும்வரை சாக்ரமெண்டோ பக்கத்தில், ஒரு மைனர் லீக் மைதானத்தில் குடியிருக்கிறது. பெயரில் ஊரும் கிடையாது, வெறும் அத்லெட்டிக்ஸ்.

அந்த மைதானத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று நண்பர் கேட்டார். தேடிப் பார்த்தேன். சுமார் 14,000.

“ஆலன் பள்ளிக்கூடத்தில் 18,000” என்று பதில் வந்தது. கூடவே ஒரு பிரிஸ்கெட் படம்.